நிற்க வைத்துப் பார்த்த கால்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கண்டி ஆஸ்பத்திரியின் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில், ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் நாலு பேர். சத்திரசிகிச்சை நிபுணர், அவருக்குக் கீழே வேலை பழகிய இளம் டொக்டர், வாட்டுச் சிஸ்டர் மெனிக்கே, நான். கட்டிலில் மருதாயி. இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் அங்கே இல்லை. ஒருவர் மருதாயியின் புருஷன் காளிமுத்து. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர் இன்னும் வந்து சேரவில்லை. மற்றவர் எங்கள் தோல் நோய் நிபுணர் டொக்டர் சிவமலர். லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார், வெள்ளிக்கிழமை காலைதான் திரும்புவார்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு மெஷின். ஓய்வுபெற்ற தாதியரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்த ஒரு நாளில், என் பழைய கிளினிக்கில் அதைக் காட்டினார்கள். காலின் மேல் ஒரு கருவியை வைத்தால் உள்ளே இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று திரையில் நிறமாகத் தெரிகிறது. "இது இல்லாத காலத்தில என்ன சேர் செஞ்சீங்க?" என்று ஓர் இளம் தாதி கேட்டாள். "நிக்க வச்சுப் பார்த்தோம்" என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தது நான்தான். தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு மாதா கோயில் சாமியாரின் தயவில் கண்டியில் விடுதியோடு படிப்பு, பிறகு தாதியர் பயிற்சி. எழுபதுகளின் கடைசியில் தோல் கிளினிக்கின் கட்டுப்போடும் அறையில் என்னைப் போட்டார்கள். பெண்கள் வாட்டில் எனக்கு வேலை கிடையாது. ஆனால் தோட்டத்து ஆட்கள் யாராவது அங்கே படுத்திருந்தால், "அந்தச் செபஸ்தியைக் கூப்பிடு, தமிழ் பேசட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.

மருதாயிக்கு நாற்பதை ஒட்டிய வயது. இடது காலின் பெருவிரல் மேலும் அடுத்த விரல் மேலும் புறங்காலிலும் நாவல்பழ நிறத்தில் கட்டிகள் கூட்டமாக எழும்பியிருந்தன. கணுக்கால் வீங்கி, அதற்கு மேலே தோல் கரும்பழுப்பாக மாறியிருந்தது. ஒரு கட்டி உடைந்து புண்ணாகி, தொட்டால் இரத்தம் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் இரத்தத்தைக் கண்டு பயந்து நேரே சத்திரசிகிச்சைக்கு அனுப்பிவிட்டார். புண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அதன் ரிப்போர்ட்டை இளம் டொக்டர் ஆங்கிலத்தில் வாசித்தார். சிறு இரத்தக் குழாய்கள் மிதமிஞ்சிப் பெருகியிருக்கின்றன; புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது.

சத்திரசிகிச்சை நிபுணரை எல்லோரும் பெரிய சேர் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பார், அவ்வளவுதான். வாட்டு முழுக்க அடங்கிவிடும்.

"இவளுக்குச் சொல்லு" என்றார் சிங்களத்தில். "காலில் இருப்பது கெட்ட வளர்ச்சி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சுக்குப் போகும். சம்மதம் என்று கைநாட்டு வைக்கட்டும்."

நான் சொன்னேன். கங்காணி வேலை பிரிப்பதைக் கேட்கிற மாதிரி முகத்தை அசைக்காமல் கேட்டாள்.

"எம்புட்டுத் தம்பி எடுப்பாங்க?"

என் காலிலேயே கையை வைத்துக் காட்டினேன். அவள் தன் காலைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேன்சர்ன்னு நிச்சயமா சொல்றாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரிப்போர்ட்டை வாசித்தது என் காதில் விழுந்திருந்தது.

"நிச்சயம்னு போடலைக்கா. இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கு."

"அப்ப இருக்குன்னும் சொல்லலையா?"

"சொல்லலை."

"லயத்துல கோழி காணாமப் போனப்ப பஞ்சாயத்து வச்ச மாதிரியில்ல இருக்கு" என்றாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த முஸ்லிம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மருதாயி சிரிக்கவில்லை. "எங்க வூட்டு ஆளு வராம நான் கைநாட்டு வைக்க மாட்டேன். அதச் சொல்லுங்க."

பெரிய சேர் கடிகாரத்தைக் கழற்றினார். "நீ எதைச் சேர்த்துச் சொன்னாய்?"

"ரிப்போர்ட்டில் இருந்ததை, சேர்."

"போன வருடம் இதே மாதிரி ஒரு கால். ஒரு பையனுடையது. தாய் அழுதாள் என்று ஒரு மாதம் பொறுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காலை வெட்டத் தேவை வரவில்லை" என்றார்.

அந்தப் பையன் செத்துப்போனது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது.

"தோல் மேடம் வெள்ளிக்கிழமை வருகிறார், சேர்" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் சத்திரசிகிச்சை செய்யும் தியேட்டர் நாள். முதல் ஆள் இவள்தான். அதற்குள் புருஷன் வரட்டும்" என்றுவிட்டு, கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்கு ஏதோ தெரிந்து அப்படிப் பேசினேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது. டொக்டர் சிவமலரிடம் வேலை செய்த சில மாதங்களில் அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "படுத்திருக்கிற காலைப் பாத்து ஒண்டும் எழுதப்படாது, தம்பி." எங்கள் கிளினிக்கில் அகலமான மரப்படி ஒன்று இருந்தது. கால் வியாதி என்று யார் வந்தாலும் முதலில் அதில் ஏறி நிற்க வேண்டும். மேடம் கதிரையை விட்டு இறங்கி, பலகைக்கட்டை ஒன்றைப் போட்டு, நோயாளியின் கால் மட்டத்துக்கு உட்கார்ந்துகொள்வார். முதலில் தொட மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு சிறு கண்ணாடித் தகட்டைத் தோல் மேல் அழுத்துவார், நிறம் வெளிறுகிறதா என்று. அதன்பின் படுக்கவைத்துக் காலை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். வெளியே வரிசை முனகும். அவர் அவசரப்பட மாட்டார். அப்படிப் பார்த்த ஒரு கிழவரின் ஊதாக் கட்டிகளைக் காட்டி, "இது கேன்சர் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். ஆனா இரத்தம் ஓடாமல் தேங்கினதுதான்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். மருதாயியின் காலைக் கண்டதும் அந்தக் கிழவர் நினைவுக்கு வந்தார். ஆனால் பெரிய சேர் சொன்ன பையனும் கூடவே வந்துவிட்டான். இரண்டு காலும் ஒரே மாதிரி என்றால் நான் யார் பக்கம் நிற்பது?

அன்று பகலே, கால் எடுக்க வேண்டும், உடனே வரவும் என்று தோட்டத்துக்குத் தந்தி அடித்தேன். அது போதாது என்று சாயந்தரம் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போய், மடுல்கெல்ல பஸ் கண்டக்டரிடமும் செய்தி சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாயந்தரம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையை விரித்தார். "தந்தி கெடச்சிருச்சாம், மாத்தயா. ஆனா ஆளு தோட்டத்துல இல்ல. ஹுன்னஸ்கிரியப் பக்கம் கௌம்பிப் போயிட்டாராம்."

கண்டிக்கு வர வேண்டிய மனுஷன் எதற்கு ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிறான்? வாட்டில் போய் நான் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிஸ்டர் மெனிக்கே மருந்துத் தட்டோடு நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஓடிவிட்டான். காலில்லாத பெண்ணை எந்த ஆம்பிளை வைத்துக்கொள்வான்?"

மருதாயிக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். "அவரா? வர்ற பஸ்ஸப் புடிக்கவே அவரு ஓட மாட்டாரு, மிஸி. நின்னு அடுத்ததுல வருவாரு" என்றாள். ஆனால் அன்று இராச்சாப்பாட்டை அவள் தொடவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். லொறி டியூபை வாராக அறுத்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிய மூட்டை அது. யாரையும் தொட விட மாட்டாள்.

வியாழக்கிழமை மாலையில் என்னை அவளாகவே கூப்பிட்டனுப்பினாள்.

"அந்தத் தாளைக் கொண்டாரச் சொல்லுங்க தம்பி."

"அக்கா, நாளைக் காலையில மேடம் வந்துருவாங்க. அவங்க ஒரு தடவை பாக்கட்டும்."

"பாத்து? பெரிய டாக்டரு பாத்துட்டுத்தானே சொல்றாரு. புள்ளைங்க மூணும் அடுத்த காம்பராவுல கெடக்குதுங்க. நான் இங்க படுத்துக் கெடந்தா வேலைக் கணக்குல எம் பேரு விழாது. பேரு விழாட்டி குடியிருக்கிற காம்பராவும் இல்ல. அவரு பேரு நிரந்தரமில்ல, தம்பி. எம் பேருலதான் அந்தக் காம்பராவே இருக்கு." "ஒத்தக் காலோட மலைக்கு ஏற முடியாதுன்னும் தெரியுது. ஆனா உசுரு இருந்தா ஏதாச்சும் செய்யலாம்ல."

கைநாட்டு வைத்தாள். மை காய்கிற வரைக்கும் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். அவளை மூன்று நாள் வீண் நம்பிக்கையில் வைத்தது நான்தான் என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளினிக் படியில் போய் நின்றேன். டொக்டர் சிவமலர் ரயிலை விட்டு இறங்கி நேரே வந்தார். சேலை கசங்கியிருந்தது, கையில் பனையோலைக் கூடை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நிக்க வச்சுப் பாத்தவையோ?"

"இல்லை, மேடம்."

கூடையை என் கையில் தந்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் மருதாயி படுத்திருந்தாள். காலை மழித்து மருந்து பூசியிருந்தார்கள். துணி மூட்டையை அவள் விடாததால் கால்மாட்டிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரிய சேர் பச்சை அங்கியும் தொப்பியுமாக வெளியே வந்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசினார்கள், எனக்கு விளங்கியது.

"பத்து நிமிஷம் தாருங்கள்" என்றார் மேடம்.

"சம்மதம் கொடுத்துவிட்டாள். மயக்க மருந்துக்காரர் உள்ளே காத்திருக்கிறார்."

"தெரிகிறது. கால் இருக்கும்போதுதானே நான் பார்க்க முடியும்."

பெரிய சேர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

மேடம் மருதாயியின் காலைத் தூக்கி என் தோளில் வைத்தார். நான் கட்டிலோரம் அசையாமல் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிகளின் ஊதா மங்கியது. பொங்கியிருந்தவை தளர்ந்து சுருங்கின. "இப்ப கீழ இறங்கி நில்லுங்கோ அம்மா" என்றார். பட்டினி வயிற்றோடு மருதாயி சீமெந்துத் தரையில் நின்றாள். மேடம் அந்தத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்காலில் இரத்த நாளங்கள் வேர் மாதிரி முறுக்கிக்கொண்டு எழும்பின. அதன்பின் கட்டிகள் ஒவ்வொன்றாக நிறைந்து கறுத்தன. இன்னொரு தடவை படுக்கவைத்தார், இன்னொரு தடவை நிற்க வைத்தார். பெரிய சேரும் குனிந்து பார்த்தார்.

"இது போதாது" என்றார். "கெட்டதும் வெளிறலாம்."

"போதாதுதான்" என்று மேடம் ஒத்துக்கொண்டார். அவர் தன் கைப் பெருவிரலைக் காலின் மேலே நடத்திக்கொண்டே போய், முழங்காலுக்குக் கீழே நிறுத்தினார். அங்கே காலைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு பள்ளம் ஓடியது. மற்றக் காலிலும் இருந்தது.

"இதென்ன தடம், அம்மா?"

"எதுங்க?"

"இந்த வளையம்."

மருதாயி குனிந்து பார்த்துவிட்டு, கேள்வி விளங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "அது காலுங்க" என்றாள். "பொம்பளைங்க காலு அப்பிடித்தானுங்களே."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவுக்கு அந்தப் பள்ளம் இருந்தது. சித்திக்கு இருந்தது. தண்ணீர்ப் பீலியில் கால் கழுவும் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் இருந்தது. உடம்பின் எலும்பெல்லாம் பெயர் சொல்லிப் பரீட்சை எழுதியவன் நான். அது அங்கே இருக்கக் கூடாத ஒன்று என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"எனக்கு இல்லை, பாருங்கோ" என்று மேடம் எழும்பி நின்று சேலைக் கரையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். பெரிய சேர் சட்டென்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மருதாயி அந்த வழுவழுப்பான காலை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க மலைக்குப் போறதில்லைல்ல" என்றாள் மெதுவாக. பிறகு கால்மாட்டு மூட்டையைக் காட்டினாள். "இந்தா, இந்த வாரு போடுறதுல வர்றதுதாங்க. அட்டை ஏறாம இருக்க சாக்கைச் சுத்தி மேல கட்டுவோம். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம்னுதான் அவுத்து மூட்டையில கட்டுனேன்."

மேடம் மூட்டையிலிருந்து டியூப் வாரை அவிழ்த்து அந்தப் பள்ளத்தில் சுற்றிப் பார்த்தார். தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது.

"இவ்வளவு இறுக்கியோ கட்டுவியள்?"

"இறுக்காட்டி ஏறிருமுங்களே. ஏறி எங்க போகும்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

"எப்பயிலிருந்து?"

"மலைக்குப் போன நாள்லருந்து. கொமரியா இருக்கயிலருந்து."

மேடம் பெரிய சேர் பக்கம் திரும்பினார். வார் மட்டும் இதைச் செய்யாது என்று முதலிலேயே சொன்னார். நாளெல்லாம் சரிவில் நின்றது, பிள்ளைப்பேறுகள், நாளங்களுக்குள் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் கதவுகள் பழுதானது, எல்லாம் சேர்ந்தது. அதற்கு மேல் இந்தக் கட்டு. மேலே ஏற முடியாத இரத்தம் பாதத்தில் தேங்கி நிற்க, தோலின் மெல்லிய குழாய்கள் புதிது புதிதாகக் கிளைத்துக் கட்டியாகப் பொங்குகின்றன. புண்ணின் ஓரத்தில் வெட்டிய துண்டில் இதையும் புற்றுநோயையும் பிரித்தறிவது கஷ்டம்.

பெரிய சேரின் விரல்கள் இடது மணிக்கட்டைத் தடவின. தியேட்டருக்குப் போகிறவர் என்பதால் அங்கே கடிகாரம் இல்லை.

"நான் வெட்டாமல் விட்டு, அது கெட்டதாக இருந்தால்?"

"பிழை என்னுடையது. எழுதித் தருகிறேன்."

"உங்கள் எழுத்தை வைத்து நான் என்ன செய்வது?" என்றார். "இரண்டு கிழமை, பதினாலு நாள். இன்னொரு துண்டு எடுங்கள், புண்ணில் அல்ல, கட்டியில், ஆழமாக. ரிப்போர்ட் கெட்டதாக வந்தால் அன்றைக்கே சத்திரசிகிச்சை மேசை. வராவிட்டாலும் கால் மோசமாகிக்கொண்டு போனால் மேசை."

தள்ளுகட்டிலை வாட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தபோது வாசலில் ஓர் ஆள் நின்றார். கையில் மஞ்சள் நிறம் மாறாத புதுப் பலாக்கட்டையில் செய்த ஊன்றுகோல், அக்குளில் உறுத்தாமல் இருக்கப் பழைய துணி சுற்றியது. போர்வைக்குள் நீட்டியிருந்த இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப வெட்டுனாங்க?"

"வெட்டலை" என்றாள் மருதாயி.

"அப்ப இது?" என்று ஊன்றுகோலை உயர்த்தினார் காளிமுத்து.

"அதால ஒன்னைய ரெண்டு போடு போடணும். மூணு நாளா எங்க போன?"

"ஹுன்னஸ்கிரியவுக்கு. அங்கதான் ஆசாரி இருக்காரு." தந்தியைக் கண்டதும் கால் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருக்கிறார். "கட்டையோட கூட்டிட்டுப் போயி தோட்டத்துத் தொரை முன்னால நிக்க வச்சுட்டா, பேர வெட்ட மாட்டாருன்னு நெனச்சேன். தேயிலை ஸ்டோருல நின்னு பாக்குற வேலையாச்சும் குடுப்பாருல்ல."

மருதாயி அதற்கு மேல் திட்டவில்லை. கையை நீட்டி அந்தக் கட்டையை வாங்கி, தன் பக்கத்திலேயே போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் மெனிக்கே அவருக்கு ஒரு கதிரையை எடுத்துப் போட்டார்.

அந்த இரண்டு கிழமை எப்படிப் போனது என்று சொல்கிறேன். கட்டுப் போடும் வேலை என் பொறுப்பு. மருதாயி காலைத் தரையில் வைப்பதற்கு முன்னாலேயே நான் போய்விட வேண்டும். காலை உயர்த்தி வைத்து, தேங்கிய இரத்தம் வடிய விடுவேன். பிறகு இழுபடுகிற பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலை மூடி, கணுக்காலில் எட்டுப் போல மாற்றிச் சுற்றி மேலே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மறைக்க வேண்டும். கணுக்காலில்தான் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர வேண்டும். "மேல இறுக்கினீரெண்டால் அதுவும் அந்த டியூப் வார்தான்" என்பார் மேடம். முதல் நாள் என் காலிலேயே கட்டவைத்து, பின்னேரம் வரைக்கும் அதோடேயே வேலை செய்ய வைத்தார். கட்டு எங்கே வழுக்குகிறது, எங்கே கடிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமாம்.

முதல் சில நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு காலை கட்டைப் பிரித்தால் இரத்தம் ஊறி உள்ளே துணி கல்லாக ஒட்டியிருந்தது. துண்டு எடுத்த இடம் கசிந்திருக்கிறது. நான் உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்துப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பெரிய சேர் பின்னால் வந்து நின்றார். நாற்றமும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கழற்றவில்லை. போய்விட்டார். மருதாயி என் கையைப் பிடித்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க தம்பி. நெஞ்சுக்கு ஏறிக்கிட்டிருக்கா?"

"எனக்குத் தெரியலைக்கா."

"அன்னிக்கும் இப்பிடித்தான் உள்ளதைச் சொன்னீங்க" என்று கையை விட்டாள். "கட்டுங்க."

அதற்கடுத்த நாட்களில் முதலில் குறைந்தது வீக்கம். கணுக்கால் எலும்பு எட்டிப் பார்த்தது. பிறகு புறங்காலில் இருந்த கட்டிகளின் ஓரம் சுருங்கியது. ஊதா, பழுப்பாக மாறத் தொடங்கியது. நான் கண்டதை நம்பப் பயந்து மேடத்தைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். "ரிப்போர்ட் வரட்டும்" என்றார். அவர் குரலிலும் அந்த முறை ஒரு பதற்றம் இருந்தது.

ரிப்போர்ட்டைப் பெரிய சேரே கொண்டுவந்தார். அவர் எங்கள் கிளினிக்குக்குள் கால் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். தாளை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கெட்டதில்லை."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய சேர் போகவில்லை. அந்த மரப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் காலை இன்னொரு தடவை நிற்க வைத்துக் காட்டுங்கள்" என்றார். "அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை."

மருதாயியைக் கூட்டிவந்து படியில் ஏற்றினோம். பெரிய சேர் மேடத்தின் பலகைக்கட்டையில் உட்கார்ந்து, பெருவிரலால் அந்தப் பள்ளத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். மருதாயி என்னிடம், "இவரு காலையும் காட்டச் சொல்லுங்க தம்பி, இருக்கான்னு பாப்பம்" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மேடம் சிரித்துவிட்டார், பெரிய சேர் ஏன் என்று கேட்டார், ஒருவரும் சொல்லவில்லை.

நின்று பறிக்கிற வேலை ஆகாது என்று மேடம் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் துரை ஏற்றுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் அவளை ஆயாவாகப் போட்டார். பேர் வெட்டுப்படவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புது பேண்டேஜ்களோடு போனேன். போகிற வழியில் எங்கள் வீட்டுக்கும் போய், அம்மாவின் டியூப் வாரை வாங்கி அடுப்பில் போட்டேன். அம்மா என்னைத் திட்டியது திட்டியதுதான். மா மூட்டைத் துணியில் நீளக் காலுறை தைத்து, வாருக்குப் பதிலாகச் சவர்க்காரமும் புகையிலைத் தண்ணீரும் பூசலாம் என்று மேடம் சொல்லியனுப்பியிருந்தார். சிலர் கேட்டார்கள். பலர் வாரைத்தான் நம்பினார்கள்.

மருதாயியின் காம்பராவில் கட்டில் இல்லை. படுக்கும்போது கால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதைத் தரைப் பாயில் எப்படிச் செய்வாள் என்று எனக்குக் கவலை. பாயின் ஒரு முனையில் இரண்டு பிஸ்கட் தகரங்களை வைத்து, அவற்றின் குறுக்கே அந்த ஊன்றுகோலைப் போட்டு, அதன் மேல் சாக்கை மடித்து விரித்திருந்தாள். கால் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. புறங்காலில் கறை மட்டும்தான் மிச்சம்.

"ஆசாரிகிட்ட திருப்பிக் குடுக்கத்தான் போனேன் தம்பி" என்றார் காளிமுத்து. "எடுக்க மாட்டேன்னுட்டான். அவ ஒசரத்துக்கு அளந்து செஞ்சது, இத வேற எவளுக்கு விக்கிறதுன்னு கேக்குறான்."

ஆஸ்பத்திரியில் அவர்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. பஸ் காசை விட்டுப் பார்த்தால், அந்தக் காலுக்காக அவர்கள் கையிலிருந்து கொடுத்தது எல்லாமாக அந்தக் கட்டைக்கான முப்பத்தைந்து ரூபாய்.